மருமகன் கோடி

எங்கள் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்ட ஆளை நான் பார்த்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. என் வீட்டுக்காரர் நின்றுகொண்டேதான் இட்லியைப் பிய்ப்பார். இடது கையில் போன், ஒரு கால் ஏற்கெனவே செருப்புக்குள். அவரைப் பார்க்க வந்தவர்கள் ஹாலில் நின்றபடி டீ குடிப்பார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக் கொடுத்து எனக்கும் அடுப்படி மேடையில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவது பழகிவிட்டது. எம்.எல்.ஏ. வீடு என்றால் அரண்மனை மாதிரி இருக்கும் என்று எங்கள் சொந்தக்காரப் பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பஸ் ஸ்டாண்டில் குடித்தனம் நடத்துவது போலத்தான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலாவது மத்தியானம் செத்த நேரம் ஓசை அடங்கும்.

இதை எழுத உட்கார்ந்த பிறகும் கேட் சத்தம் கேட்டு எழுந்து எழுந்து போகிறேன். தேர்தல் நெருங்குகிறது. மறுபடியும் சீட்டு கிடைக்குமா என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சென்னைக்கும் திண்டுக்கல்லுக்குமாக அலைகிறார். வீட்டில் இருக்கும் நாளில் மாடிக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். எனக்கும்தான் இருப்புக்கொள்ளவில்லை, ஆனால் காரணம் வேறு. இந்த மனிதர் என் வீட்டுக்காரராகக் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறாரா, இல்லை மொத்தமாகத் தொகுதிக்கே போய்ச் சேர்ந்துவிட்டாரா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சீட்டு, கொடி, மந்திரி பதவி எல்லாம் எனக்கு அப்புறம்தான்.

அவரை நான் கட்டிக்கொண்டபோது அவர் வார்டு கவுன்சிலர்கூட இல்லை. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வராத நாள்களில் லாரியை மறித்து நடுரோட்டில் உட்காரும் ஆள், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் நானும் குடத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். போலீஸ்காரர் வந்து எழுந்திருக்கச் சொன்னால், அவர் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். எழுந்திரிக்கலாமா புள்ள என்று கண்ணாலேயே கேட்பார். நான் வேண்டாம் என்று தலையாட்டுவேன். அந்த வருடங்களில் அவருடைய கட்சியே நான்தான் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

பிறகு கவுன்சிலரானார். பிறகு சட்டமன்றத்துக்கு நின்றார், தோற்றார். அந்தத் தேர்தலுக்கு என் அப்பா வத்தலக்குண்டில் இருந்த சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கினார். வெயிலில் தெருத் தெருவாக நடந்து மாப்பிள்ளைக்கு ஓட்டுக் கேட்டார். யாராவது நீங்கள் யார் என்று கேட்டுவிட்டால் போதும், மாமனார் என்று சொல்லும்போதே அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும். முடிவு வந்த அன்று கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாதான் கதவைத் தட்டி, "மாப்ள, எனக்குப் பசிக்குது, நீங்க வந்தாத்தான் எல போடுவேங்குறா ஒங்க வீட்டுல" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் இவர் வெளியே வந்தார், சாப்பிட்டார். நான் வேலை பார்த்த கூட்டுறவுக் கடைக்கு மறுநாள் வழக்கம்போலப் போனேன்.

அடுத்த தேர்தலில் ஜெயித்தார். ஜெயித்த முதல் மாதமே என் வேலை போயிற்று. யாரும் நீக்கவில்லை. என் கவுண்டருக்கு வருகிறவர்கள் சர்க்கரை வாங்குவதை விட்டுவிட்டு, பட்டா, பென்ஷன், ஆஸ்பத்திரி என்று என்னிடம் மனு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேலாளர் சங்கடப்பட்டார். நீ வீட்டிலேயே இரு என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. மனுஷன் உழைத்தார். ஒரு பெண்ணுக்குக் கல்லூரி விடுதியில் இடம் வாங்க நாலு நாள் ஒரே அதிகாரிக்குப் போன் போட்டதை நானே கேட்டிருக்கிறேன். நாகல் நகரில் ஒரு தெருவுக்குச் சாக்கடை கட்டும்வரை அந்த வழியாகவே தினமும் போய் வந்தார்.

இந்தத் தொழிலில் எழவு வீடு ஒரு பெரிய வேலை. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் இரண்டு வசவோடு போய்விடும், எழவுக்குப் போகாவிட்டால் அந்தக் குடும்பம் ஓட்டுப் போடுகிற நாள் வரைக்கும் மனதில் வைத்திருக்கும் என்பது இவர் கணக்கு. அதனால் காலையில் உதவியாளர் முதலில் சொல்வதே யார் யார் வீட்டில் துக்கம் என்பதுதான். காரின் டிக்கியில் மலர் வளையம் தயாராக இருக்கும். அதன் குறுக்கே ரிப்பனில் இவர் பெயரும் பதவியும். வாசலில் செருப்பைக் கழற்றுவது, வளையத்தை வைப்பது, தலை குனிந்து நிற்பது, ஆண்களில் மூத்தவர் கையைப் பிடிப்பது, பெண்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வது, காருக்குத் திரும்புவது. காரிலேயே பாட்டில் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, அடுத்த தெருவில் காதுகுத்துக்குப் போய்விடுவார். நான் கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரித்திருக்கிறார்.

போன வருடம் என் அப்பா இறந்தார். விடிந்தபோது மூச்சு நின்றிருந்தது. இவர் அப்போது சட்டசபைக் கூட்டத்துக்காகச் சென்னையில் இருந்தார். போனில் சொன்னேன், உடனே கிளம்புவதாகச் சொன்னார். குரல் உடைந்திருந்தது, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் முன்னாலேயே வத்தலக்குண்டுக்குப் போய்விட்டேன். அது இவர் தொகுதிகூட இல்லை.

மத்தியானம் இவருடைய கார் வந்தது. தெருவில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். இவர் காதிலிருந்து போனை எடுக்காமலேயே இறங்கினார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பேச்சை முடித்தார். உதவியாளர் வளையத்தை நீட்டினார். அதை வாங்கி அப்பாவின் காலடியில் வைத்தார். தலை குனிந்து நின்றார். பிறகு என் தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தம்பி "மச்சான்" என்று அழுதான். அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னை நேராகப் பார்த்தார். கைகளைக் குவித்தார்.

"மனசத் தேத்திக்கங்கம்மா. நாங்க இருக்கோம்."

சொல்லிவிட்டு நடந்தார், காரில் ஏறினார், கார் போய்விட்டது.

இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். எனக்கே அந்த நிமிடத்தில் நம்பிக்கை வரவில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சித்தி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அழுகை அப்படியே நின்றுபோனது எனக்கு. வெட்கமாக இருந்தது. அப்பா செத்துக் கிடக்கும்போது வெட்கப்பட வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

எங்கள் வழக்கத்தில் உடலைக் குளிப்பாட்டியதும் மருமகன் கொண்டுவரும் புது வேட்டியைத்தான் மேலே போர்த்துவார்கள். மருமகன் கோடி என்று அதற்குப் பெயர். அது விழாமல் தூக்க மாட்டார்கள். குளிப்பாட்டி முடித்து, மருமகன் கோடி எங்கே என்று பெரியப்பா சத்தமாகக் கேட்டார். அப்பாவின் காலடியில் இவர் பெயரும் பதவியும் போட்ட ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி இவருக்குப் போன் போட்டான், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகக் குரல் வந்தது. நான் எழுந்து உள்ளே போனேன். பொங்கலுக்கு அப்பாவுக்கு நான் எடுத்துக்கொடுத்து, அவர் உடுத்தாமலேயே வைத்திருந்த வேட்டி பீரோவில் இருந்தது. அதை எடுத்து வந்து நானே போர்த்தினேன். பொம்பளை போடக் கூடாது என்று ஒரு குரல் வந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் அந்தக் குரலும் அடங்கிவிட்டது.

திண்டுக்கல் போகும் வழியில் செம்பட்டி தாண்டியபோதுதான் கார் நின்றிருக்கிறது. டிரைவர் அதற்குமேல் பொறுக்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டி, சார், அது நம்ம மாமா வீடு சார் என்று சொல்லியிருக்கிறார். இவர் திருப்பு என்று கத்தினாராம். அடுத்த பூமி பூஜைக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஒரு போன்கூடப் போடவில்லையாம்.

பாடை தெருமுனையைத் தாண்டும்போது நாங்கள் பெண்கள் வழக்கப்படி அங்கேயே நின்றுவிட்டோம். அப்போது மெயின் ரோட்டில் கார் வந்து நிற்பதைப் பார்த்தேன். கதவு முழுசாகத் திறப்பதற்குள் இவர் இறங்கி ஓடிவந்தார். செருப்பு ஒன்று ரோட்டில் கழன்று கிடந்தது. வெள்ளை வேட்டி காலில் தடுக்க, ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து அழுதபடி ஓடினார். என் தம்பியை விலக்கிவிட்டுத் தோள் கொடுத்தார். கட்சியில் சேர்ந்த பிறகு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தெருமுனையில் நின்றபடி நான் அவரை மன்னித்தேன். முழுசாக மன்னித்தேன். இந்த ஓட்டம் எனக்கு, என் அப்பாவுக்கு, இதில் வேறு யாருக்கும் பங்கில்லை என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு அவராகவே பேச்சை எடுத்தார். அன்று போனை அணைத்து வைத்திருந்தார்.

"ஒன்னப் பாத்தேன் புள்ள. ஒன் மொகம் தெரியல. அழுகுற மொகம்னு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. இத்தனை அழுத முகங்களைப் பார்த்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகுமோ என்று தோன்றியது. அந்த ஓட்டத்தை நினைத்து நினைத்துத்தான் பயத்தைச் சமாளித்தேன். எத்தனையோ நாள் அவர் என்னைத் தாண்டிக் கும்பிடு போட்டபடி போகும்போதெல்லாம், செருப்பு கழன்று ஓடிவந்த ஆள் இவருக்குள்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

சில வாரங்களுக்கு முன் அவருடைய பிறந்தநாள் வந்தது. தேர்தல் வரப்போகிற வருடத்தில் பிறந்தநாள் சும்மா வராது. ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ். நான் நாகல் நகரில் துணி தைக்கக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரவுண்டானாவில் போக்குவரத்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால், இரண்டு மாடி உயரத்துக்கு என் அப்பாவின் பாடை. இவர் தோளில் அதைச் சுமந்துகொண்டு, வாய் திறந்து அழுகிறார். அன்று தெருவில் நின்ற யாரோ செல்போனில் எடுத்த படம். கீழே பெரிய எழுத்தில்: ஏழை வீட்டுப் பாடைக்கும் தோள் கொடுக்கும் எங்கள் அண்ணனே, நீ வாழ்க.

அப்பா ஏழை இல்லை. கடை வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதர். அதுகூட எனக்குப் பிறகுதான் தோன்றியது. முதலில் அந்த வேட்டிதான் கண்ணில் பட்டது, நான் போர்த்தியது, மாலைகளுக்கு நடுவே ஓரமாகத் தெரிந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, நல்ல மனுசன்க்கா, யாரு எவருன்னு பாக்காமத் தூக்கியிருக்காரு பாருங்க என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் போனில் இருந்தார், ஒரு விரலைக் காட்டினார். முடித்ததும் அடுத்த போன் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நின்றபோது மறுபடி கேட்டேன். அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. ஐ.டி. அணிப் பசங்கள் எடுத்துப் போட்டுவிட்டார்கள், ஒன்றியச் செயலாளர் மூலமாக மாவட்டம் பூராவும் போய்விட்டது, தலைமையிலேயே பார்த்துவிட்டு நல்ல படம் என்று சொன்னார்களாம், இப்போது எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேள்வி வரும் என்றார். அது மாமா என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நான் விடவில்லை.

"எங்கப்பா உசுரோட இருக்கையில ஒங்களுக்கு ஓட்டுக் கேட்டாரு. செத்தப்பறமும் கேக்கணுமா?"

அவர் தட்டை வைத்துவிட்டார். பார்ப்போம் புள்ள, சீட்டு அறிவிக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ என்றார். அதற்குள் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, போய்விட்டார். அப்புறமும் கேட்டேன். சென்னையில் இருந்தபோது போனில் கேட்டேன். குளித்துவிட்டு வரும்போது கதவருகில் நின்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பார்ப்போம் என்றார். வெளியூரில் படிக்கும் எங்கள் மகளிடம் போனில் சொன்னால், விடும்மா, அப்பாவுக்கு இது டென்ஷனான நேரம் என்கிறாள். நான் சமைத்தேன், துடைத்தேன், மொட்டை மாடிக்குப் போனேன், இறங்கினேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கடைக்குப் போக வேண்டும் என்றால்கூட அந்த ரவுண்டானா பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனேன்.

போன திங்கட்கிழமை காலையில் முன்ஹாலில் வழக்கம்போல மனு கொடுக்கிறவர்கள் வரிசை நின்றது. இவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், உதவியாளர் பக்கத்தில் நிற்பார், ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். நான் அடுப்பை அணைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றி நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

உதவியாளர் பார்த்துவிட்டு ஓடிவந்தார். அக்கா, உள்ள வாங்கக்கா, சாருகிட்ட நான் சொல்றேன் என்றார். முன்னால் வந்தவங்க முடியட்டும் என்றேன். எனக்கு முன்னால் நின்ற தோல் கிடங்கு வைத்திருக்கும் பாய் என்னை அடையாளம் கண்டு, நீங்க முன்ன போங்கம்மா என்று ஒதுங்கினார். அவரையும் நிற்கச் சொன்னேன். எனக்குப் பின்னாலும் இரண்டு மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள்.

வரிசை நகர நகர நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. முதியோர் பென்ஷன் நின்றுபோன ஒரு அம்மா பேச ஆரம்பித்ததும் அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அந்த அம்மா சுற்றி வளைத்து, மருமகள் சண்டையெல்லாம் சொல்லி, பென்ஷனுக்கு வந்து சேரும்வரை இவர் அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவைகூட மணியைப் பார்க்கவில்லை. பாய் சொன்ன சாக்கடைப் பிரச்சினையில், அவர் போன தடவை சொன்னதை இவரே ஞாபகமாகக் கேட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த அம்மாமேல், பாய்மேல், முன்னால் நின்ற எல்லார்மேலும்.

என் முறை வந்தது. அவர் பாயின் விஷயமாக உதவியாளரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, தலை நிமிராமல், "சொல்லுங்கம்மா" என்றார்.

"என் அப்பா படத்த எறக்கணும்" என்றேன்.

நிமிர்ந்தார். அவர் உள்ளே போகச் சொல்வார், இல்லை சத்தம் போடுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. மேசையில் போன் கவிழ்ந்தே கிடந்தது, ஒரு தடவை அதிர்ந்தது, அவர் அதைத் தொடவில்லை. என்னையே பார்த்தார். நான் மீதியையும் சொன்னேன். அது எந்த ஏழை வீட்டுப் பாடையும் இல்லை, என் வீட்டுப் பாடை என்றேன். அன்று நீங்கள் ஓடிவந்தது எனக்காக என்று நினைத்திருந்தேன், அதை ஊருக்குக் காட்டிவிட்டீர்கள் என்றேன். வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கவலையில்லை. அவர் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

பிறகு போனை எடுத்தார். ஐ.டி. அணியில் யாரையோ கூப்பிட்டார். மாமா படம் போட்ட ஃப்ளெக்ஸ் எல்லாத்தையும் எறக்கு, குரூப்ல இருக்குறதையும் எடு, சாயங்காலத்துக்குள்ள எனக்கு முடிஞ்சிருக்கணும் என்றார். மறுமுனையில் ஏதோ தலைமை என்று இழுத்திருக்க வேண்டும். தலைமைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். இத்தனை நாள் நடக்காதது ஒரு போனில் நடந்துவிட்டது.

நான் தேடிக்கொண்டிருந்த மனிதர் எங்கேயும் போய்விடவில்லை. முழுசாக அங்கேதான் இருந்தார், அந்த மேசைக்குப் பின்னால். அவரைப் பார்க்க வரிசையில் வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

இருந்தது. இருபது வருடத்துக்கு இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண் இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். இல்லைங்க என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்து அவளுக்கு வழி விட்டேன்.